முட்டையுருவும் தளமும்

கணித ஆசிரியர் விடுமுறையில் நின்ற ஒருநாள், ஒன்பதாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்மீது விழுந்தது. நான் கலைப்பட்டதாரி. தமிழும் வரலாறுங் கற்பித்தே என் காலம் கழிந்தது. அன்றைய பாடம் வட்டத்தின் தொடலி பற்றியது. கவராயத்தைத் தேடாமற் கையாலேயே கரும்பலகையில் வட்டமொன்று வரைந்தேன். அது வட்டமாக அமையாது முட்டையாக அமைந்தது. பிள்ளைகள் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, இது முட்டைதான். ஆனாலும் அடிமட்டத்தை எப்படி வைத்தாலும் இரண்டு இடத்துக்கு மேல் வெட்டாதுதானே?"

"வெட்டாது. கோடு நேரானது அல்லவா?" என்றேன்.

"அடிமட்டம் நேரானது என்பதை எப்படி அறிவது?"

வேறோர் அடிமட்டத்தோடு ஒப்பிட்டு அறியலாம் என்றேன். "அந்த அடிமட்டம் நேரானது என்பதை?" என்று அவள் விடாது கேட்டாள். "அது வெளிப்படை" என்று கூறி இருந்துவிட்டேன். மணியும் அடித்தது. ஆயினும், விடை தெரியாத ஆசிரியன் "வெளிப்படை" என்னுஞ் சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டான் என்னும் உறுத்தல் மட்டும் அடங்கவில்லை. அவ்வுறுத்தலே என்னைச் சில நூல்களின்பால் இட்டுச் சென்றது. அங்கே நான் கற்றவற்றைக் கணிதம் பயிலாத நேயர்களுக்கும் விளங்குமாறு கூற முயல்வதே இப் பேச்சின் நோக்கம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருப்பின் நன்று.

முதலில் முட்டையைக் கவனிப்போம். தாளில் முட்டை வடிவம் ஒன்று வரைந்து அதன்மேல் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். அடிமட்டத்தின் ஓரம் அவ் வளைவை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அல்லது ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும். அல்லது முற்றிலும் விலகி நிற்கும். மூன்றாவது புள்ளி என்பது ஒருபோதும் இல்லை. மேலும், வளைவின் எப்புள்ளியை எடுத்தாலும் அப்புள்ளியில் மட்டுந் தொட்டுச் செல்லுங் கோடு, அதாவது தொடலி, ஒன்றேயாம். இவ்விரு பண்புகளும் உள்ள வளைவையே கணிதர் முட்டையுரு என்பர். சதுரத்தை இதனோடு ஒப்பிட்டால் இலக்கணத்தின் பொருள் தெளிவாகும். சதுரத்தின் பக்கத்தின்மேல் அடிமட்டம் கிடந்தால் எண்ணிறந்த புள்ளிகள் ஒன்றாகத் தொடும். அதன் மூலையிலோ பல கோடுகள் தொட்டுச் செல்லும். இரண்டு பண்பிலும் சதுரம் தவறுகின்றது.

இவ்விலக்கணத்தில் நீளம் இல்லை, கோணம் இல்லை, வட்டத்திற்குரிய மையமும் ஆரையும் இல்லை. புள்ளி, கோடு, புள்ளி கோட்டின்மேற் கிடத்தல் ஆகிய மூன்று மட்டுமே உள்ளன. ஆகவே முட்டையுருவின் கதை உண்மையில் கோட்டின் கதையாகும். கோடு என்பது யாது என நாம் முடிவு செய்தாலன்றி முட்டையுரு எது என்று சொல்ல இயலாது. மாணவியின் வினா நேரே வேருக்குச் சென்றுவிட்டது.

கோட்டைப் பற்றிய சிந்தனையில் ஒரு பெரிய திருப்பம் 17ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. இரண்டு புள்ளிகளை எடுத்தால் அவற்றினூடாக ஒரு கோடு எப்போதும் உண்டு. ஆனால் இரண்டு கோடுகளை எடுத்தால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும் என்று சொல்ல முடியாது. அவை சமாந்தரமாக இருக்கலாம். இந்தக் குறையை நீக்கச் சமாந்தரக் கோடுகளும் முடிவிலியில் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன எனக் கொள்ளலாம் என்று வானியலறிஞர் கெப்பிளர் 1604இலும், பிரான்சு தேசத்து லியோன் நகரில் பிறந்த தெசார்கு 1639இலுங் கூறினர். புகையிரதத் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோலத் தோன்றும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அக் காட்சியைக் கண்ணின் மயக்கம் என்று தள்ளாது, அதற்குக் கணிதத்தில் ஓர் இடங் கொடுத்தனர் எனலாம். ஒவ்வொரு திசைக்கும் முடிவிலியில் ஒரு புள்ளி. அப்புள்ளிகள் யாவுஞ் சேர்ந்து முடிவிலியில் ஒரு கோடு. இவ்வாறு நிரப்பப்பட்ட தளத்தை எறியத்தளம் என்பர். விளக்கு நிழலை எறிவதுபோல ஓர் உருவை வேறொரு தளத்தில் எறிந்து ஆராய்வதால் வந்த பெயர் இது.

இதனால் விளைந்த பயன் வியப்பானது. கூம்பொன்றைத் தளத்தால் வெட்டும்போது நீள்வளையம், பரவளைவு, அதிபரவளைவு என்னும் மூவகை வளைவுகள் தோன்றும் எனக் கிரேக்கர் அறிந்திருந்தனர். எறியத்தளத்தில் இம்மூன்றும் ஒரே முட்டையுருவே. முடிவிலிக் கோடு தொடாது விலகி நின்றால் அது நீள்வளையம். ஒரு புள்ளியில் தொட்டால் பரவளைவு. இரு புள்ளிகளில் வெட்டினால் அதிபரவளைவு. அடிமட்டத்தை முட்டைமேல் வைத்தபோது கண்ட அதே மூன்று நிலைகள்! தெசார்குவின் நூலை அக்காலத்தார் பெரும்பாலும் போற்றவில்லை. அச்சுப் படிகள் மறைந்தன. 1845இல் அதன் கையெழுத்துப் பிரதியொன்றை ஷால் என்னும் பிரான்சியக் கணிதர் கண்டெடுத்த பின்னரே அதன் பெருமை உலகிற்குத் தெரிந்தது.

இனி, எறியத்தளத்தின் விதிகள் யாவை? இரண்டு புள்ளிகளினூடாக ஒரேயொரு கோடு செல்லும். இரண்டு கோடுகள் ஒரேயொரு புள்ளியிற் சந்திக்கும். எந்த மூன்றும் ஒரே கோட்டிற் கிடவாத நான்கு புள்ளிகளேனும் உண்டு. இவ்வளவே. "நேரானது" என்ற சொல் இவ்விதிகளில் எங்கும் இல்லை என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். விதிகளுக்கு இணங்குவது எதுவாயினும் அதனைக் கோடு என்று அழைக்கலாம்.

இதனை விளக்க அடிமட்டமே வேண்டாத ஓர் உதாரணம் உண்டு. ஒரு பாடசாலையில் ஏழு ஆசிரியர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுக்கு 1 முதல் 7 வரை இலக்கமிடுவோம். மூவர் மூவராக ஏழு குழுக்கள் அமைப்போம்: 1, 2, 4; 2, 3, 5; 3, 4, 6; 4, 5, 7; 5, 6, 1; 6, 7, 2; 7, 1, 3. ஆசிரியரைப் புள்ளி என்றும் குழுவைக் கோடு என்றுங் கொள்க. எந்த இரண்டு ஆசிரியரை எடுத்தாலும் அவர்கள் ஒரேயொரு குழுவிற் சேர்ந்திருப்பர். எந்த இரண்டு குழுக்களை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவான ஆசிரியர் ஒருவரே. ஆகவே இது ஓர் எறியத்தளம். இத்தாலியரான பானோ 1892இல் ஆராய்ந்த தளம் இதுவே.

இத்தளத்தில் முட்டையுரு உண்டா? 1, 2, 3 என்னும் மூன்று ஆசிரியரை எடுங்கள். அவர்கள் மூவரும் ஒரே குழுவில் இல்லை. அவர்களுள் இருவர் சேர்ந்துள்ள குழுக்கள் மூன்று. ஒருவர் மட்டும் உள்ள குழுக்களைத் தேடினால், 1க்கு 5, 6, 1 என்ற குழு. 2க்கு 6, 7, 2. 3க்கு 3, 4, 6. ஒவ்வொருவருக்கும் ஒன்றே. இவையே தொடலிகள். எஞ்சிய 4, 5, 7 என்ற குழு விலகி நிற்கும் கோடு. ஆக, வளைவு ஏதுமின்றியே மூன்று பேர் முட்டையுருவாகிவிட்டனர். மூன்று தொடலிகளும் 6 என்ற ஆசிரியரிடத்தே சந்திக்கின்றன என்பதையுங் காண்க. சாதாரண முட்டையின் தொடலிகள் யாவும் ஒரு புள்ளியிற் சந்திப்பதில்லை. விதிகள் ஒன்றாயினும் தளத்திற்குத் தளம் குணம் மாறும் என்பதற்கு இது சான்று.

இங்கே ஒரு சிறு நியாயத்தைக் கூறவேண்டும். பின்னர் இது பெரிதும் பயன்படும். முட்டையுருவின் ஒரு புள்ளியில் நாம் நிற்பதாகக் கொள்வோம். அப்புள்ளியினூடாகச் செல்லுங் கோடு ஒவ்வொன்றும் முட்டையுருவை வேறொரு புள்ளியிற் சந்திக்கும். தொடலி மட்டும் நாம் நிற்கும் புள்ளியோடே நின்றுவிடும். எனவே அங்கிருந்து புறப்படுங் கோடுகள் எத்தனையோ அத்தனை புள்ளிகள் முட்டையுருவில் உண்டு. ஏழு ஆசிரியர் தளத்தில் ஒவ்வொருவரும் மூன்று குழுக்களில் உள்ளனர், முட்டையுருவிலும் மூவர். கணக்குச் சரியாகிறது.

இவ்வாறான எண்ணக்கூடிய புள்ளிகளையுடைய தளங்களைப் பற்றி 1955இல் ஒரு முக்கியமான தேற்றம் வெளிவந்தது. நாம் பயன்படுத்தும் ஆள்கூறுகளைப் போலவே, ஒற்றையெண் தொகையான எண்களைக் கொண்ட முடிவுள்ள எண்தொகுதியால் அமைந்த தளத்தில், முட்டையுரு ஒவ்வொன்றும் கூம்பு வெட்டே என்று இத்தாலியரான பெனியாமினோ செக்ரே நிறுவினார். பின்லாந்துக் கணிதர் இருவர் முன்னரே ஊகித்திருந்த உண்மை இது. நமது சாதாரண தளத்திலோ இவ்வாறில்லை. கோழி முட்டையின் ஓரம் முட்டையுருவே. ஆயினும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிய அவ்வளைவு கூம்பு வெட்டு அன்று. முடிவுள்ள தளத்தில் எண்ணிக்கையின் கட்டுப்பாடு உருவத்தையே கட்டுப்படுத்திவிடுகின்றது. எண்ணிறந்த புள்ளிகள் உள்ள தளத்தில் அச்சுதந்திரம் மிகுதி.

அச்சுதந்திரத்தை அடக்குவது எது? இங்கேதான் இடத்தியல் வருகின்றது. இடத்தியல் என்பது அண்மையையுந் தொடர்ச்சியையும் ஆராயுங் கலை. இரப்பர்த் தாளில் வரைந்த உருவத்தை இழுத்து நீட்டினாலும், கிழியாதவரை மாறாது நிற்கும் பண்புகள் எவையோ அவையே அதன் பொருள். ஆசிரியர் குழுவில் 1க்கு அண்மையில் உள்ளவர் 2 என்பதற்குப் பொருளில்லை. ஆனால் தாளிலுள்ள புள்ளிகளுக்கு அண்மை உண்டு. இரண்டு புள்ளிகளைச் சற்றே அசைத்தால் அவற்றை இணைக்குங் கோடுஞ் சற்றே அசைதல் வேண்டும். இரண்டு கோடுகளைச் சற்றே அசைத்தால் அவை சந்திக்கும் புள்ளியுஞ் சற்றே அசைதல் வேண்டும். இத் தொடர்ச்சி அமைந்த தளமே இடத்தியல் தளம். ஜெர்மனியின் ஹெல்முட் சால்ற்சுமான் 1950களில் இத்துறையின் ஆராய்ச்சியைத் தொடக்கி, பின்னர்த் தூபிங்கன் நகரில் ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார்.

தொடர்ச்சி இருந்தால் நமது பழைய நேர்கோடு தானாகவே வந்துவிடுமா? வராது என்பதற்கு அமெரிக்க வானியலறிஞர் மௌல்ற்றன் 1902இல் காட்டிய தளம் அழகிய உதாரணம். தாளின் நடுவே நிலைக்குத்தாக ஓர் எல்லைக்கோடு வரைந்து கொள்க. கிடையான கோடுகளும், நிலைக்குத்தான கோடுகளும், இடமிருந்து வலமாக மேலேறும் கோடுகளும் உள்ளவாறே இருக்கட்டும். இடமிருந்து வலமாகக் கீழிறங்குங் கோடுகள் மட்டும் எல்லையைக் கடந்ததும் இருமடங்கு சாய்வோடு இறங்கட்டும். நீரில் அமிழ்த்திய கோல் நீர்மட்டத்தில் முறிந்தாற்போலத் தோன்றும் அல்லவா? அவ்வாறே இக்கோடுகள் எல்லையில் முறிகின்றன. முறிந்த கோட்டையுங் கோடு என்று ஒப்புக்கொண்டால், இரண்டு புள்ளிகளுக்கு ஒரு கோடு, இரண்டு கோடுகளுக்கு ஒரு புள்ளி என்னும் விதிகள் ஒரு குறையுமின்றி நிறைவேறுகின்றன. தொடர்ச்சியும் உண்டு.

ஆனால் தெசார்குவின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற தேற்றம் இங்கே பொய்த்துவிடுகின்றது. இரண்டு முக்கோணிகளின் ஒத்த உச்சிகளை இணைக்குங் கோடுகள் ஒரு புள்ளியினூடாகச் சென்றால், ஒத்த பக்கங்கள் சந்திக்கும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டிற் கிடக்கும் என்பது அத்தேற்றம். அவ்வுருவை, ஒரே ஒரு கோடு மட்டும் எல்லையில் முறியுமாறு வைத்து வரைந்தால், மூன்றாவது புள்ளி கோட்டைவிட்டு விலகிவிடும். தளத்தின் அடிப்படை விதிகளிலிருந்து மட்டும் இத்தேற்றத்தை நிறுவ இயலாது என்பதை ஹில்பேட் 1899இல் வெளியிட்ட நூலில் முன்னரே காட்டியிருந்தார். மௌல்ற்றன் காட்டியது அதனினும் எளிய உதாரணம்.

இத்தளத்தில் நமது வட்டத்தின் நிலை என்ன? இதனை நானே பென்சிலால் வரைந்து சோதித்தேன், நேயர்களுஞ் சோதிக்கலாம். வட்டத்தின் மையம் எல்லைக்கோட்டின்மேல் இருந்தால், அவ்வட்டம் முறிந்த கோடுகளுக்கு முன்னும் முட்டையுருவாகவே நிற்கும். எல்லையைத் தொடாமல் ஒரு பக்கத்திலேயே முழுவதுங் கிடந்தாலும் அவ்வாறே. ஆனால் வட்டம் எல்லையைக் கடந்து, அதன் மையம் சற்றே இடப்புறம் விலகியிருந்தால், எல்லைக்கோட்டை அது மேலே வெட்டும் புள்ளியினூடாக முறிந்த கோடொன்றை வரைந்து வட்டத்தை மூன்று புள்ளிகளில் வெட்டலாம். மையம் வலப்புறம் விலகியிருந்தாலோ, எல்லையைக் கீழே வெட்டும் புள்ளியில் ஒன்றுக்குப் பதிலாகப் பல தொடலிகள் தோன்றும். சதுரத்தின் மூலை வட்டத்திற்கும் வந்துவிட்டது போலாகும். கவராயத்தால் வரைந்த அதே வட்டம் ஓரிடத்தில் முட்டையுரு, மற்றோரிடத்தில் அன்று. வட்டம் மாறவில்லை, அதனை அளக்குங் கோடுகளே மாறின.

அங்ஙனமாயின், கோடுகள் எவ்வாறு வளைந்திருப்பினும் முட்டையுரு ஒன்றேனுங் கிடைக்குமா? இருபரிமாண இடத்தியல் எறியத்தளம் எதுவாயினும் அதில் தொடர்ச்சியான முட்டையுரு உண்டு என்று பொல்ஸ்ரர், ரோசேர், ஸ்ரைன்கே என்னும் மூவர் 1997இல் நிறுவினர். வட்டம் கைவிட்டாலும் வேறொரு வளைவு அவ்விடத்தை நிரப்பும்.

இருபரிமாணத்தோடு கதை முடியவில்லை. நமது தளத்தில் புள்ளியின் இடத்தை மெய்யெண்கள் இரண்டால் குறிக்கின்றோம். மெய்யெண்ணுக்குப் பதிலாக, இரண்டு கூறுள்ள சிக்கலெண்களைக் கொண்டால் நாற்பரிமாணத் தளம் கிடைக்கும். நான்கு கூறுள்ள எண்களை ஹமில்ற்றன் 1843இல் கண்டார். அவற்றாலாகுந் தளத்திற்குப் பரிமாணம் எட்டு. எட்டுக் கூறுள்ள எண்களைக் கிரேவ்சும் கேலியும் தனித்தனியே கண்டனர். அவற்றாலாகுந் தளத்திற்குப் பதினாறு. ஓட்டையும் விளிம்பும் இன்றித் தன்னுள் நிறைவுற்ற, முடிவுள்ள பரிமாணமுடைய இடத்தியல் எறியத்தளங்களின் பரிமாணம் 2, 4, 8, 16 என்னும் நான்கில் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என லேவன் 1983இல் நிறுவினார். கோடுகளை எத்துணை வளைத்தாலும் ஆறு பரிமாணத் தளமொன்றை எவராலும் ஆக்க முடியாது. சுதந்திரத்திற்கு எல்லை வகுப்பது தொடர்ச்சியே.

முட்டையுருவுக்கோ எல்லை இன்னும் ஒடுக்கமானது. முன்னர்க் கூறிய நியாயத்தை நினைவுகூர்க. முட்டையுருவின் புள்ளிகளும், அதன் ஒரு புள்ளியினூடாகச் செல்லுங் கோடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. தொடர்ச்சியான தளத்தில் இப்பொருத்தமும் தொடர்ச்சியானது. ஆகவே முட்டையுருவின் வடிவம் கோட்டின் வடிவத்தோடு இடத்தியல் முறையில் ஒன்றாகின்றது. இருபரிமாணத் தளத்தில், முடிவிலிப் புள்ளியால் இரு நுனியும் இணைந்த கோடு ஒரு வளையம், முட்டையுருவும் வளையம். நாற்பரிமாணத் தளத்தில் கோடு ஒரு பந்தின் மேற்பரப்பை ஒக்கும், முட்டையுருவும் அத்தகையதே. அடுத்த இரண்டிலும் இத்தகைய முட்டையுரு உண்டா? இல்லை என்பதே விடை. புக்கானன், ஹேல், லேவன் என்போர் 1980இல் இதனை நிறுவினர். இடைவெளியின்றி மூடிய முட்டையுரு 2, 4 என்னும் பரிமாணத் தளங்களில் மட்டுமே இருத்தல் கூடும்.

அந்த நான்காம் பரிமாணத்திலும் ஒரு விந்தை உண்டு. தாளில் வரைந்த முட்டைக்கு உள் உண்டு, வெளி உண்டு. வெளியேயுள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடலிகள் வரையலாம். உள்ளேயுள்ள புள்ளியிலிருந்து ஒன்றும் வரைதல் இயலாது. சிக்கலெண் தளத்திலுள்ள கூம்பு வெட்டுக்கு உள் என்பதே இல்லை. அதன்மேற் கிடவாத எப்புள்ளியிலிருந்தும் இரண்டு தொடலிகள் வரையலாம். விலகி நிற்குங் கோடு என்பதும் அங்கே இல்லை. அகம் புறம் என்று நாம் வகுக்கும் வேறுபாடும் தளம் தந்த வழக்கமே போலும்.

இத்தகைய நுண்ணிய பொருளை ஆராய்ந்தோர் உலகின் துன்பங்களுக்கு அப்பால் வாழ்ந்தவர் என்று எவரும் எண்ணற்க. எட்டுக் கூறுள்ள எண்களால் அமையுந் தளத்தை 1933இல் ஆராய்ந்தவர் ரூத் மூபாங் என்னும் ஜெர்மன் பெண்மணி. 1937இல், பெண் என்ற காரணத்தால் நாசி அரசின் கல்வி அமைச்சு அவருக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை மறுத்தது. அவர் கைத்தொழில் நிறுவனமொன்றில் வேலைக்குச் சென்றார். போர் முடிந்த பின்னரே வகுப்பறைக்கு மீண்டு, 1957இல் பிராங்போட் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியரானார். செக்ரேயும் அவ்வாறே. 1938இல் இத்தாலியின் இனச்சட்டங்களால் தமது பேராசிரியப் பதவியை இழந்து இங்கிலாந்திற் புகலடைந்தார். முட்டையுரு பற்றிய அவரது தேற்றம், அவர் தாயகம் மீண்ட பின்னர்ப் பிறந்தது. இன்னார் கற்பிக்கலாம், இன்னார் கற்பிக்கலாகாது என்று வகுத்தவர்களுக்கும் தாம் வகுத்தது வெளிப்படை உண்மையாகவே தோன்றியிருக்கும். வழக்கத்தை உண்மை என்று மயங்குவதால் வருங் கேடு கேத்திரகணிதத்தோடு நிற்பதில்லை.

ஆகையால் அம்மாணவிக்கு நான் கடன்பட்டிருந்தேன். அடுத்த வாரம் அவ்வகுப்புக்குச் சென்று, அன்று கூறிய விடை விடையன்று என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பின்னர் இவ்வாறு கூறினேன்: "ஒரு கோடு நேரானது என்பதைத் தனியே அக்கோட்டைப் பார்த்து எவராலுஞ் சொல்ல முடியாது. மற்றக் கோடுகளோடு அது எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைக் கொண்டே சொல்லலாம். இரண்டு புள்ளிகளை ஒரு கோடு இணைக்கின்றதா? இரண்டு கோடுகள் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றனவா? தெசார்குவின் தேற்றம் நிலைக்கின்றதா? கோட்டின் நேர்மை கோடுகளின் ஒழுக்கத்தில் இருக்கின்றது."

அவள் சிறிது நேரஞ் சிந்தித்தாள். "அப்படியானால், ஐயா, மற்றக் கோடுகள் எல்லாஞ் சேர்ந்து வளைந்திருந்தால்?" என்றாள். அவ் வினாவுக்கு மௌல்ற்றனின் தளத்தை வரைந்து காட்டினேன். மணி அடித்தது, எவரும் எழுந்திருக்கவில்லை.